பெட்ரோல் முக்கால் டன் பிக்கப் வாங்கப் போகிறேன்: ஆயில் குடிக்கும் என்கிறார்களே?

மேற்குமலை (ஆஸ்டின், டெக்சாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். ஹெவி டூட்டி பிக்கப் ஓட்டுகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள் கருத்து வேண்டும்.

குடும்பத்தோடு ஊர் சுற்ற 30 அடி டிராவல் ட்ரெய்லர் வாங்கிவிட்டோம். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றினால் 8,000 பவுண்டை ஒட்டி வரும். இப்போதுள்ள அரை டன் வண்டி இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்தில் பெரிய லாரி ஒன்று கடந்து போனால் வண்டியே ஆடுகிறது. நாங்கள் நாலு பேர் ஏறி உட்கார்ந்தாலே பேலோடும் (வண்டி தாங்கும் பாரம்) தீர்ந்துவிடுகிறது. அதனால் அடுத்த பெரிய வகையான முக்கால் டன்னுக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவு.

டீசல் வேண்டாம். வார நாளில் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குட்டித் தூரம்தான் ஓடும். அந்த ஓட்டத்துக்கு டீசலின் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பழைய வண்டியாக மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்: 2021 ஃபோர்டு எஃப்-250 (7.3 லிட்டர் இன்ஜின்), ஜிஎம்மின் 2021 சில்வரடோ 2500 ஹெச்டி (6.6), கிரைஸ்லர் குழுவின் 2020 ராம் 2500 (6.4, ஹெமி என்ற இன்ஜின்). இணையத்தில் எதைத் திறந்தாலும் "ஆயில் குடிக்குது, ஆயில் குடிக்குது" என்றே இருக்கிறது. ஒரு டீலரிடம் கேட்டேன். "2,000 மைலுக்கு ஒரு குவார்ட் வரைக்கும் நார்மல்தான் சார்" என்றார். குவார்ட் என்பது கிட்டத்தட்ட ஒரு லிட்டர். எனக்கு அவர் சொன்னது நார்மலாகப் படவில்லை.

இந்த மூன்றில் எது குறைவாகக் குடிக்கும்? பழைய வண்டியை வாங்குவதற்கு முன்னால் ஆயில் குடிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

சாலைப்புழு (ஃபீனிக்ஸ், அரிசோனா)

7.3 வாங்குங்க. வேற யோசனையே வேணாம். நம்மகிட்ட அதுதான் இருக்கு, ட்ரெய்லர் அத விடப் பெருசு. நல்லா இழுக்குது.

---

நெம்புகோல் (ஒஹாயோ, ஃப்ளீட் மெக்கானிக்)

மேற்குமலை அண்ணா, எது குறைவாகக் குடிக்கும் என்ற கேள்விக்குப் பிறகு வருவோம். அந்த டீலர் சொன்ன எண்ணை முதலில் பார்க்க வேண்டும். அதை நம்பி நிறையப் பேர் இன்ஜினை இழந்திருக்கிறார்கள்.

2,000 மைலுக்கு ஒரு குவார்ட் என்பது ஜிஎம் தன் டீலர்களுக்கு அனுப்பிய சர்வீஸ் புல்லட்டினில் உள்ள எண். வாரண்டிக்குள் இருக்கிற, பாரம் ஏற்றாமல் சாதாரணமாக ஓடுகிற வண்டிக்கு அதுவரை ஏற்கலாம் என்கிறது. கிரைஸ்லர் பக்கத்தில் 50,000 மைல் வரைக்கும் அதே 2,000. 50,000 தாண்டிய வண்டிக்கு 750 மைலுக்கு ஒரு குவார்ட் போனாலும் ஏற்கத்தக்கதாம்.

இந்த எண்ணைக் காட்டி "உங்க இன்ஜின் நல்லா இருக்கு" என்று சொன்னால் ஏற்காதீர்கள். எந்த அளவைத் தாண்டினால் கம்பெனி தன் காசில் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் என்பதற்குப் போட்ட கோடு அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6.6 இன்ஜினில் 8 குவார்ட் ஆயில். ஆயில் லைஃப் மானிட்டர் சொல்கிறபடி 7,500 மைல் ஓட்டுகிறீர்கள், நடுவில் பானட்டையே திறக்கவில்லை என்று வையுங்கள். 2,000-க்கு ஒன்று என்ற கணக்கில் 3.75 குவார்ட் போயிருக்கும். கிட்டத்தட்டப் பாதி. கம்பெனி கணக்கில் அதுவும் "நார்மல்". 750-க்கு ஒன்று குடிக்கிற ஹெமியில் 7 குவார்ட். 5,250 மைலில் சொட்டு இருக்காது. அதற்கு வெகு முன்பே பேரிங் போயிருக்கும்.

ஆயில் லைஃப் மானிட்டர் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதில்லை. ஆயில் எவ்வளவு பழசாகியிருக்கும் என்று ஓட்டத்தையும் சூட்டையும் வைத்துக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) 4 குவார்ட் இருந்தாலும் "60 சதவீதம் மிச்சம்" என்று காட்டும். ஆயில் பிரஷர் விளக்கு எரியும் நேரத்தில் காரியம் கெட்டிருக்கும்.

எங்கள் ஷெட்டுக்கு வரும் பெட்ரோல் ஹெவி டூட்டி வண்டிகளில் பெரும்பாலானவை, ஒரு ஆயில் மாற்றத்திலிருந்து அடுத்ததற்குள் டிப்ஸ்டிக்கில் பாதிக் கோடு கூட இறங்காமல் ஓடுகின்றன. 3,000 மைலுக்கு ஒரு குவார்ட் என்றால் நோட்டில் குறித்துக் கவனிப்பேன். 1,500-க்குக் கீழே வந்துவிட்டால் காரணம் தேடத் தொடங்குவேன். இது என் அளவுகோல். கம்பெனி ஒத்துக்கொள்ளாது, ஆனால் இன்ஜினுக்குச் செலவழிக்கப் போவது நீங்கள்.

---

மேற்குமலை

இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை தம்பி, நன்றி. 3.75 குவார்ட் கணக்கைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறது. அப்படியானால் இணையத்தில் வரும் புலம்பல் எல்லாம் உண்மைதானா? மூன்று கம்பெனிக்கும் அப்படியேவா?

---

கணக்கன் (டெட்ராய்ட் பக்கம்)

புலம்பல் உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி அரை டன் வண்டிகளைப் பற்றியது. நீங்கள் பார்க்கிற இன்ஜின்கள் வேறு.

அதிகம் அடிபட்ட பெயர் ஜிஎம்மின் 5.3 லிட்டர். அதில் பாரம் இல்லாதபோது நாலு சிலிண்டரை அணைத்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கான ஆயில் பிரஷர் ரிலீஃப் வால்வ் கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடிக்கூட்டுக்குள்) இருந்துகொண்டு சிலிண்டர் சுவரில் ஆயிலை வாரி அடித்தது. அணைந்த சிலிண்டரில் அந்த ஆயில் எரியாமல் ரிங்கில் (பிஸ்டனைச் சுற்றி இடுக்கை அடைக்கும் வளையத்தில்) கரியாகப் படிந்து, ரிங் சிக்கிக்கொண்டது. அந்த வால்வுக்கு ஒரு தடுப்புத் தகடும், மாற்றி வடிவமைத்த வால்வ் கவரும் போட்டு ஜிஎம் சரிசெய்யப் பார்த்தது. விஷயம் கோர்ட்டுக்குப் போய், 2022 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபெடரல் கோர்ட்டில் ஜூரி 10 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு தரச் சொன்னது. 2011 முதல் 2014 வரையான வண்டிகள் அவை.

ஹெவி டூட்டி சில்வரடோவில் வந்த பழைய 6.0-விலும் இந்தச் சிலிண்டர் அணைப்பு கிடையாது. 2020-இல் அதற்குப் பதிலாக வந்த 6.6-இலும் கிடையாது. ஆக 5.3 கதையை 6.6 மேல் ஏற்றக் கூடாது.

அடுத்தது ஃபோர்டு எஃப்-150-இன் 5.0. 2018 முதல் 2020 வரை மாடலுக்கு ஃபோர்டு ஒரு சர்வீஸ் புல்லட்டின் விட்டது. ஆக்சிலரேட்டரை விட்டு வண்டி வேகம் இறங்கும்போது இன்டேக்கில் உறிஞ்சு விசை மிகையாகி ஆயிலை இழுக்கிறது என்று சொல்லி, கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றினார்கள். கூடவே டிப்ஸ்டிக்கையும் மாற்றினார்கள். டிப்ஸ்டிக்கை மாற்றி ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று மக்களுக்கு ஆத்திரம். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. ஆனால் உறிஞ்சு விசை விஷயம் நிஜம். நெம்புகோல் தம்பி அதைப் பற்றி விளக்கினால் நன்றாக இருக்கும்.

உங்கள் மூன்றையும் பார்ப்போம். மூன்றுமே இரும்பு பிளாக், புஷ்ராட் வி8. ஃபோர்டு 7.3 2020 மாடலோடு வந்தது, கனடாவின் விண்ட்சரில் செய்கிறார்கள், 430 குதிரைத் திறன், போர்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலைச் சிலிண்டருக்கு வெளியே காற்று வழியில் தெளிப்பது), 8 குவார்ட் 5டபிள்யூ-30 கிரேடு ஆயில். ஜிஎம் 6.6 401 குதிரைத் திறன், டைரக்ட் இன்ஜெக்ஷன் (நேரே சிலிண்டருக்குள் தெளிப்பது), அதே 8 குவார்ட், அதே கிரேடு. ராம் 6.4 410 குதிரைத் திறன், 7 குவார்ட், 0டபிள்யூ-40. மூன்றில் சிலிண்டர் அணைப்பு உள்ளது ராம் மட்டும்தான்.

காகிதத்தில் பார்த்தால் ஆயில் விஷயத்தில் 7.3-க்கே சிக்கல் குறைவு: அணைப்பு இல்லை, டைரக்ட் இன்ஜெக்ஷன் இல்லை. ஆனால் மூன்றும் வாங்கத் தகுந்தவை. வண்டிக்கு வண்டி இருக்கிற வித்தியாசம் கம்பெனிக்குக் கம்பெனி இருக்கிற வித்தியாசத்தைவிடப் பெரியது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

---

புதுவெள்ளம்

ஜிஎம் 2025-ல லட்சக்கணக்கான வண்டியைத் திரும்ப அழைச்சு ஆயில் கிரேடையே மாத்தினாங்களே? அது 6.6-க்கு இல்லையா?

---

கணக்கன்

இல்லை. அது 6.2 லிட்டர் எல்87 என்ற வேறு இன்ஜின். 2025 ஏப்ரலில் 2021 முதல் 2024 வரை மாடலில் சுமார் 6 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் வந்தது. கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட் தயாரிப்புக் குறை. சோதனையில் தேறிய வண்டிக்கு 0டபிள்யூ-20-க்குப் பதில் 0டபிள்யூ-40 ஊற்றச் சொன்னார்கள். ஆயில் குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஹெவி டூட்டிக்கும் சம்பந்தமில்லை.

---

வன்னிக்காற்று (ஒண்டாரியோ, கனடா)

வணக்கம் அண்ணை. நான் இஞ்ச லாண்ட்ஸ்கேப்பிங் செய்யிறன், பனிக்காலத்தில பிளவ் பூட்டிப் பனி தள்ளுறது. எங்களிட்ட ஓடுறது எல்லாம் பெற்றோல் முக்கால் டன்னும் ஒரு டன்னும்தான்.

நீங்கள் வார நாளில குட்டித் தூரம் ஓடுவன் எண்டு எழுதினதைப் பார்த்தன். அதுக்காகத்தான் எழுதுறன். ஆயில் குறையிறதைப் பற்றி எல்லாரும் கதைக்கினம். கூடுறதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்லை.

இன்ஜின் நல்லாச் சூடேற முன்னம் நிப்பாட்டினால், எரியாத பெற்றோல் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள்ள இறங்கும். டைரக்ட் இன்ஜெக்ஷன் இன்ஜினில இது இன்னும் கூட. ஒரு பக்கம் ஆயில் எரிஞ்சு குறைய, மற்றப் பக்கம் பெற்றோல் சேர, டிப்ஸ்டிக்கில மட்டம் அசையாமல் நிக்கும். ஆக்கள் பார்த்துப்போட்டு "என்ர வண்டி ஒரு சொட்டும் குடிக்கிறேல்லை" எண்டு சந்தோசப்படுவினம். பிறகு கோடை வரும். ட்ரெய்லரைப் பூட்டிக்கொண்டு ஹைவேயில நாள் முழுக்க ஓடுவினம். ஆயில் நல்லாக் கொதிச்சு, உள்ள கிடந்த பெற்றோல் ஆவியாகிப் போகும். போய் இறங்கிப் பார்த்தால் மட்டம் ஒரு குவார்ட் கீழ கிடக்கும். "ட்ரெய்லர் இழுத்தவுடன இன்ஜின் பழுதாப் போச்சு" எண்டு பயப்படுவினம். இன்ஜின் பழுதாகேல்லை. குளிர்காலம் முழுக்க அவையள் பார்த்த மட்டம் பொய்.

டெக்சாசில எங்கட குளிர் இல்லைதான். எண்டாலும் பள்ளிக்கூட ஓட்டம் பள்ளிக்கூட ஓட்டம்தானே. கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் அரை மணித்தியாலம் ஹைவேயில ஓட்டுங்கோ. டிப்ஸ்டிக்கை மணந்து பாருங்கோ, பெற்றோல் மணம் தெரியும். நீண்ட பயணம் வெளிக்கிட முன்னம் புது ஆயில் போட்டால், அளக்கிற கணக்கும் சுத்தமா இருக்கும்.

இன்னொண்டு. சிலர் ஆயில் கேட்ச் கான் (கிராங்க்கேஸ் ஆவியோட வாற ஆயிலைப் பிடிக்கிற டப்பா) பூட்டச் சொல்லுவினம். குளிர் ஊரில அதுக்குள்ள தண்ணி உறைஞ்சு அடைச்சால் கிராங்க்கேஸில அமுக்கம் ஏறி, சீல் வழியா ஆயில் வெளிய தள்ளும். எங்கட வண்டி ஒண்டில ரியர் மெயின் சீல் அப்பிடித்தான் போனது. டெக்சாசில அந்தக் கவலை குறைவு. எண்டாலும் வாரண்டி இருக்கிற வண்டியில கை வைக்காதேங்கோ.

---

மேற்குமலை

வன்னிக்காற்று அண்ணா, இது எனக்கே எழுதியது போல இருக்கிறது. என் ஓட்டம் அப்படியே நீங்கள் சொன்னதுதான். மட்டம் மாறாமல் இருந்தால் நல்லது என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

---

சாலைப்புழு

நான் ஒண்ணு கேக்கணும். நம்ம வண்டி ஊருக்குள்ள ஓடுறப்ப ஆயில் இறங்குறதே இல்ல. ஃபிளாக்ஸ்டாஃப் போய்ட்டு ஐ-17-ல ட்ரெய்லரோட இறங்கி வந்தா மட்டும் லேசா இறங்குது. ஏறுறப்பதான இன்ஜினுக்குக் கஷ்டம்? இறங்குறப்ப ஏன் குடிக்கணும்?

---

நெம்புகோல்

அருமையான கேள்வி அண்ணா. கணக்கன் அண்ணா விளக்கச் சொன்னதும் இதைத்தான்.

பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியில் த்ராட்டில் கதவு இருக்கிறது. மலை ஏறும்போது அது அகலத் திறந்திருக்கும்; இன்டேக்கில் உறிஞ்சு விசை கிட்டத்தட்ட இருக்காது. ஃபிளாக்ஸ்டாஃப் 7,000 அடி உயரம், ஃபீனிக்ஸ் 1,100 அடி. அந்த இறக்கத்தில் டோ/ஹால் மோடு (ட்ரெய்லர் இழுக்கும்போது போடுகிற அமைப்பு) கியரைக் குறைத்து, இன்ஜினை வைத்தே வண்டியைப் பிடிக்கும். ஆர்பிஎம் 4,000-க்கு மேல் ஏறும், ஆனால் த்ராட்டில் மூடியிருக்கும். பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் காற்று கிடைக்காமல், கிடைக்கிற இடுக்கு வழியெல்லாம் உறிஞ்சும். ரிங் இடுக்கு, வால்வ் ஸ்டெம் சீல், கிராங்க்கேஸ் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பிசிவி வழி, எல்லா இடத்திலிருந்தும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். அதே நேரம் வேகமாகச் சுற்றும் கிராங்க் ஆயிலைச் சுவரில் வாரி அடிக்கிறது. டீசலில் இந்தக் கதவு வேலை செய்கிற விதமே வேறு. அதனால்தான் டீசல் ஓட்டிப் பழகியவர்கள் பெட்ரோல் வண்டிக்கு மாறினதும் மிரளுகிறார்கள்.

ஆக மலை இறங்கிய பயணத்தில் கால் குவார்ட், அரை குவார்ட் போனால் அதை நோய் என்று சொல்ல மாட்டேன். ஊருக்குள் ஓடும்போதும் அதே அளவு போனால்தான் நோய். எப்போது குறைகிறது என்பதையும் எழுதி வைக்கச் சொல்வது இதற்குத்தான். வெறும் மைல் கணக்கு மட்டும் போதாது.

அளக்கிற முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். காலையில், வண்டியைக் கிளப்பும் முன், வீட்டு வாசலில் அதே சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். பெட்ரோல் பங்கில் சூடாக நிறுத்தின உடனே பார்த்தால் ஆயில் இன்னும் மேலே இருக்கும், அரை குவார்ட் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றினால் மட்டம் மிஞ்சிப்போகும், மிஞ்சினதைப் பிசிவி உறிஞ்சிவிடும், மறுபடி குறைந்தது போலக் காட்டும். ஆயில் குடிக்கிறது என்று சொல்லி வருகிற சில வண்டிகளில் இது மட்டும்தான் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

---

புதுவெள்ளம்

இவ்வளவு யோசிக்கணுமா? கெட்டியா 15டபிள்யூ-40 டீசல் ஆயில் ஊத்துங்க. ரிங்கு வழியா ஏறாது, விலையும் குறைவு. ஊர்ல லாரிக்கெல்லாம் அதுதான்.

---

கணக்கன்

புதுவெள்ளம், தயவுசெய்து இதை யாருக்கும் சிபாரிசு செய்யாதீர்கள்.

முதலாவது, இந்த இன்ஜின்கள் குறிப்பிட்ட கெட்டித்தன்மையை நம்பிச் செய்யப்பட்டவை. 7.3-இல் ஆயில் பம்பே தேவைக்கேற்ப அளவை மாற்றும் வகை. ஹெமியில் சிலிண்டரை அணைக்கும் லிஃப்டர்கள் (வால்வைத் தூக்கும் பாகங்கள்) ஆயில் பிரஷரால் வேலை செய்கின்றன. குளிர்ந்த காலையில் 15டபிள்யூ ஆயில் மேலே லிஃப்டர் வரை போய்ச் சேரத் தாமதமாகும்.

இரண்டாவது, டீசல் ஆயில்களில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம் அதிகம் இருக்கும். ஆயில் எரிகிற இன்ஜினில் அது எரிந்து கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் படியும். ஆயில் செலவை மிச்சம் பிடிக்கப் போய்க் கன்வெர்ட்டரைப் பறிகொடுப்பது நியாயமா?

ஆயிலில் ஏதாவது மாற்ற விரும்பினால், கெட்டித்தன்மையை விட்டுவிட்டு ஆவியாகும் அளவைப் பாருங்கள். நோவாக் என்று ஒரு சோதனை உண்டு: ஆயிலை 250 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பார்கள். பெட்ரோல் இன்ஜின் ஆயிலுக்கான ஐஎல்எஸ்ஏசி ஜிஎஃப்-6 தரத்தில் 15 சதவீதம் வரை போகலாம். நல்ல ஃபுல் சிந்தடிக் ஆயில்களில் அதைவிட நன்றாகவே குறைவு. தயாரிப்பாளரின் தகவல் தாளில் இந்த எண் கிடைக்கும். ட்ரெய்லர் இழுக்கிற வண்டிக்கு, அதே கிரேடில் நோவாக் எண் குறைந்த ஆயிலாகப் பார்த்துப் போடுவது பலன் தரும்.

வாரண்டி பற்றி: உங்கள் கையால் ஆயில் மாற்றினீர்கள், வெளியில் மாற்றினீர்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் சரியான தரத்தில் ஆயில் போட்டதற்கு ரசீது வேண்டும். ஆயில், ஃபில்டர் ரசீதுகளில் ஓடோமீட்டர் எண்ணை எழுதி போட்டோ எடுத்து வையுங்கள். ஆயில் குறைகிறது என்று வாரண்டிக்குப் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

---

மேற்குமலை

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நான் வாங்கப் போவது பழைய வண்டி. 1,000 மைல் ஓட்டிப் பார்த்து வாங்க எந்த டீலரும் விடமாட்டார். போதாக்குறைக்கு எல்லா வண்டியிலும் "இப்போதுதான் ஆயில் மாற்றினோம்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இதில் என்னதான் பார்க்க முடியும்?

---

நெம்புகோல்

நிறையப் பார்க்கலாம் அண்ணா.

முன்கூட்டியே போன் செய்து, வண்டியைக் கிளப்பாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அன்றைக்குத் திரும்பி வந்துவிடுங்கள். குளிர்ந்த வண்டியை முதல் தடவை கிளப்பும்போது ஒரு ஆள் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும். நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்றால், இரவு முழுக்க வால்வ் ஸ்டெம் சீல் வழியாக ஆயில் சொட்டியிருக்கிறது. வெள்ளையாக வந்து கலைவது வெறும் ஈரம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். ஒரு நீண்ட சரிவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இன்ஜினாலேயே வேகம் குறைய விடுங்கள், அடியில் வந்ததும் நன்றாக மிதியுங்கள். பின்னால் நம் ஆள் ஒருவர் இன்னொரு காரில் வர வேண்டும். அந்த மிதியில் நீலப் புகை கிளம்பினால் ரிங்கோ வால்வ் கைடோ தேய்ந்திருக்கிறது. சற்று முன் சொன்ன உறிஞ்சு விசை இங்கே நமக்கு உதவுகிறது.

சைலன்சர் முனைக்குள் விரல் விட்டுப் பாருங்கள். காய்ந்த கறுப்புத் தூள் இந்தக் காலத்து டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிகளில் சாதாரணம். பிசுபிசுப்பாக ஒட்டினால் கவலைப்படலாம்.

அதன் பிறகும் வண்டி பிடித்திருந்தால், டீலருக்குச் சம்பந்தமில்லாத கடையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி போர்ஸ்கோப் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு பிளக் மட்டும் எண்ணெயும் கரியுமாக இருந்து மற்றவை சுத்தமாக இருந்தால், அந்த ஒரு சிலிண்டரில் சிக்கல். எல்லாம் ஒரே மாதிரி லேசாகக் கறுத்திருந்தால் பிசிவியைச் சந்தேகப்படலாம், அது மலிவான வேலை. பிஸ்டன் தலையின் விளிம்பு ஆயிலால் கழுவியது போலப் பளிச்சென்று இருந்தால் ரிங் வழியாக ஆயில் ஏறுகிறது. இந்தச் சோதனைக்கு டீலர் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றை யாரும் பார்ப்பதில்லை: இன்ஜின் ஓடிய மணி. மைலை மணியால் வகுத்துப் பாருங்கள். கட்டட வேலைக்கு ஓடின வண்டிகள் ஏசி போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்ற இடத்தில் உறுமிக்கொண்டு இருக்கும், ஓடோமீட்டர் ஏறாது. போலீஸ் வண்டிகளுக்கு ஒரு மணி நேர ஐடிலை 33 மைலுக்குச் சமம் என்று ஃபோர்டு கணக்கு வைத்திருக்கிறது. மைலை மட்டும் பார்த்து ஆயில் மாற்றியிருந்தால் அந்த இன்ஜின் பழைய ஆயிலில் எத்தனை காலம் ஓடியிருக்கும், ரிங்கில் எவ்வளவு படிந்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

---

வன்னிக்காற்று

ராமில அந்த ஐடில் மணித்தியாலம் இன்னும் முக்கியம். ஹெமியில லிஃப்டர் ரோலர் தேஞ்சு கேமை (வால்வுகளை அசைக்கிற தண்டை) தின்னுறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அது ஆயில் குடிக்கிற பிரச்சினை இல்லை. ஆனால் ஆயில் குறைஞ்சு ஓடின வண்டியில லிஃப்டரும் பிழைக்காது. ஸ்டார்ட் பண்ணி நல்லாச் சூடேறின பிறகும் டிக் டிக் எண்டு சத்தம் நிக்காட்டில் வாங்காதேங்கோ.

---

மேற்குமலை

சனிக்கிழமை இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் எல்லோரும் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து கையிலேயே வைத்திருந்தேன்.

முதல் வண்டி எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். 62,000 மைல், பார்க்கப் புதிது போல இருந்தது, பெயின்ட் பளபளத்தது. மெனுவில் இன்ஜின் மணி பார்த்தேன்: 3,900. மணிக்குச் சராசரி 16 மைல்தான். ட்ரெய்லரே இழுத்ததில்லை, ஒரே ஓனர் என்றார் சேல்ஸ்மேன். ஒரே ஓனர் என்பது உண்மை, அந்த ஓனர் ஒரு கட்டட கம்பெனி. நான் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. சரிவில் மிதித்தபோது பின்னால் காரில் வந்த என் தம்பி போன் செய்து, "அண்ணா, நீலமாத்தான் வருது" என்றான். பிளக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இன்ஷூரன்ஸ் இடம் கொடுக்காது என்றார்கள். வந்துவிட்டேன்.

இரண்டாவது ராம் 2500. 71,000 மைல், 1,650 மணி. சராசரி 43. ஹைவேயில் ஓடிய வண்டி. ஒரு வயதான தம்பதி ஆர்வி ட்ரெய்லர் இழுத்திருக்கிறார்கள். ஆயில் மாற்றிய ரசீது எல்லாம் ஒரு கவரில் அடுக்கி கையுறைப் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினேன், புகை இல்லை. சத்தமும் சூடேறினதும் சுத்தமாக அடங்கியது. சரிவிலும் புகை இல்லை. 7.3-ஐத்தான் மனதில் வைத்திருந்தேன், ஆனால் என் விலைக்குக் கிடைக்கிற 7.3 எல்லாம் முதல் வண்டி மாதிரி வேலைக்கு ஓடினவையாகவே இருக்கின்றன. ராம் வாங்கினால் சிலிண்டர் அணைப்பு விஷயத்தில் அவசரப்படுகிறேனா?

---

சாலைப்புழு

நான் 7.3 கட்சிதான். ஆனா இந்த ரெண்டுல அந்த ராம்தான் எடுப்பேன். ரசீதக் கவர்ல அடுக்கி வச்சவங்க டிப்ஸ்டிக்கையும் பாத்திருப்பாங்க.

---

கணக்கன்

எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2020 ராமின் 5 வருடம், 60,000 மைல் பவர்டிரெயின் வாரண்டி முடிந்துவிட்டது. கேம், லிஃப்டர் போனால் உங்கள் செலவு. விலை பேசும்போது அதற்கு ஒரு தொகையை மனதில் கழித்து வையுங்கள்.

ஜன்னலில் பையர்ஸ் கைடு (டீலர் தரும் வாரண்டி நிலையைச் சொல்லும் தாள்) ஒட்டியிருந்தால் படியுங்கள். டீலர் விற்கும் பழைய கார்களுக்கு அது ஃபெடரல் விதிப்படி கட்டாயம்; ஆனால் இந்த அளவு கனமான பிக்கப்புக்கு அந்த விதி பொருந்தாது. "ஆஸ் ஈஸ்" (இருக்கிறபடியே, வாரண்டி இல்லாமல்) என்ற கட்டத்தில் டிக் இருந்தால், வாயால் சொல்லும் வாக்குறுதி எதையும் பிறகு நிரூபிக்க முடியாது. முப்பது நாளோ 1,000 மைலோ இன்ஜினுக்குப் பொறுப்பு என்று டீலர் சொன்னால் அதை எழுதி வாங்குங்கள்.

மற்றபடி இது நல்ல வண்டியாகத் தெரிகிறது. சிலிண்டர் அணைப்பு உங்கள் மனதை அரித்தால், ட்ரெய்லர் இழுக்கும்போது டோ/ஹால் மோடைப் போட்டு ஓட்டுங்கள்.

---

மேற்குமலை

சரி, முடிவு செய்துவிட்டேன், பிளக் சோதனை நன்றாக வந்தால் எடுக்கிறேன். இந்த டீலர் சம்மதித்துவிட்டார். புதன்கிழமை வேறொரு கடைக்குக் கொண்டு போகிறேன். கடைக்காரருக்குப் போன் செய்தால், "ஹெமியா, பதினாறு பிளக் இருக்கே, அத்தனையும் கழற்றணுமா?" என்று இழுக்கிறார். கூலியும் இரண்டு மடங்கு சொல்கிறார். நெம்புகோல் தம்பி, எல்லாம் கழற்றத்தான் வேண்டுமா?

---

நெம்புகோல்

வேண்டாம் அண்ணா. சிலிண்டருக்கு இரண்டு பிளக். கேமரா நுழைய ஒன்று போதும். எட்டு கழற்றினால் எட்டு சிலிண்டரையும் பார்த்துவிடலாம். கழற்றுகிற பிளக்குகளை சிலிண்டர் எண் எழுதி வரிசையாக வைத்து போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முன்பே பிளக் மாற்றியிருக்கிறார்களா என்று ரசீதில் பாருங்கள். புது பிளக்காக இருந்தால் நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, கேமராவை மட்டும் நம்புங்கள். இன்ஜின் குளிர்ந்த பிறகுதான் கழற்ற வேண்டும். சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும்.

போட்டோக்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.